பேட்டரிக் களிம்பும் காரைக்குடி வள்ளலும்

ஓசூரில் மார்கழி விடியற்காலம் என்றால் பல் கிட்டிக்கும் குளிர். கிருஷ்ணகிரி சாலையோரம் ஒரு லாரி நிற்கிறது. ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றிய லாரி. பொழுது விடியும் முன்பே அது எல்லையைத் தாண்டி பெங்களூர் மார்க்கெட்டில் நிற்கவேண்டும். டிரைவர் சாவியைத் திருப்புகிறார். செல்ப் எடுக்கவில்லை. மறுபடியும் திருப்புகிறார். ஒரு முனகல் கேட்கிறது. அதோடு சரி. விளக்கு மட்டும் மங்கலாக எரிகிறது.

இந்தக் காட்சி அந்தச் சாலைக்குப் புதிதல்ல. சூளகிரி மேட்டிலும், சிப்காட் வாசலிலும், ஜூஜூவாடி எல்லையிலும் இப்படி வண்டிகள் நின்றிருக்கின்றன. அனுபவப்பட்ட டிரைவர் உடனே புது பேட்டரி வாங்க ஓடமாட்டார். பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்ப்பார். இரண்டு முனைகளிலும் வெள்ளையும் நீலப் பச்சையுமாகப் பூத்திருக்கும். புளி போட்டுத் துலக்காத செம்புப் பாத்திரத்தில் களிம்பு பிடிக்கிறதே, அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி!

பேட்டரிக்குள் மின்சாரம் இருக்கிறது. இஞ்சினைச் சுழற்றும் மோட்டாரும் சரியாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே இந்தக் களிம்பு குறுக்கே படுத்துக்கொண்டு வழிவிட மறுக்கிறது. வண்டி நிற்கிறது. தக்காளி அழுகுகிறது. ஒருவருடைய நாள் கூலி போகிறது.

இரும்பில் துரு. செம்பில் களிம்பு. பேட்டரி முனையில் இந்தப் பொடி. மூன்றும் ஒரே குடும்பம். இந்தக் குடும்பத்தின் குணத்தை ஆராய்வதற்கு இந்திய சர்க்காருக்குச் சொந்தமான பெரிய ஆராய்ச்சிக் கூடம் ஒன்று இருக்கிறது. அது டில்லியில் இல்லை. பம்பாயிலும் இல்லை. ஓசூரிலிருந்து சேலம், நாமக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று தெற்கே போனால் வருகிற காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்று அதற்குப் பெயர்.

பெரிய ஆறு இல்லாத ஊர். அந்த நாளில் பெரிய தொழிற்சாலையும் இல்லாத ஊர். வானம் பார்த்த செம்மண் பூமி. அங்கே எப்படி வந்தது அந்த நிலையம்?

ஒரே ஒரு மனிதரால் வந்தது. அவர்தான் வள்ளல் அழகப்ப செட்டியார்.

கோட்டையூரில் பிறந்தவர்

1909-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி, காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரில் அழகப்பர் பிறந்தார். தந்தை ராமநாதன் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி.

நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தில் பாதை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. கொஞ்சம் படிப்பு. நிறையக் கணக்கு. மீசை அரும்பும் முன்பே பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏற்றிவிடுவார்கள். அங்கே கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் பழகவேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. செட்டிநாட்டு மாளிகைகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள் எல்லாம் அந்தக் கணக்குப் புத்தகத்திலிருந்து முளைத்தவைதாம்.

அழகப்பர் வேறு வழியில் போனார். சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஆங்கில இலக்கியம் படித்தார். எம்.ஏ. பட்டம் பெற்றார். நகரத்தாரில் எம்.ஏ. பட்டம் பெற்ற முதல்வர் அவரே என்று சொல்வது வழக்கம். வட்டிக்கணக்கு பார்க்கவேண்டிய பிள்ளை ஆங்கிலக் கவிதை படித்ததைக் கண்டு ஊரில் சிலர் முகம் சுளித்திருக்கலாம். அவர் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

பிறகு லண்டனுக்குப் போனார். அங்கே சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி பெற்றார். அதோடு விட்டாரா? லண்டனுக்கு அருகே இருந்த கிராய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்! ஒரு வேலை கையில் இருக்கும்போதே அடுத்த வேலைக்கு மனம் தாவும். அது அவருடைய சுபாவம். அவருக்கு வந்த லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் அதுவே காரணம்.

தாயகம் திரும்பியவர் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகவில்லை. வியாபாரத்தில் இறங்கினார். கேரளத்தில் திருச்சூருக்கு அருகே நெசவாலை நடத்தினார். அந்த இடத்துக்கு இன்றும் அழகப்ப நகர் என்றே பெயர். மலேயாவில் ரப்பர், பர்மாவில் ஈயச் சுரங்கம், இன்சூரன்ஸ், பங்கு மார்க்கெட் என்று கை வைக்காத தொழில் குறைவு. யுத்தம் முடிந்ததும் ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமானக் கம்பெனியும் தொடங்கினார். அது நெடுநாள் நிலைக்கவில்லை. பங்கு வியாபாரமும் அப்படித்தான். ஒரு நாள் ஏற்றும், ஒரு நாள் இறக்கும்.

ஆங்கில அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. நாடு சுதந்திரம் அடைந்ததும் அந்தப் பட்டத்தை அவர் துறந்துவிட்டார்.

கொடுக்கத் தொடங்கிய கை

பணம் சேர்த்தவர்கள் செட்டிநாட்டில் பலர். கோவில் திருப்பணி செய்தவர்கள் பலர். சத்திரம் கட்டியவர்கள் பலர். அழகப்பரின் பணம் போன வழி கொஞ்சம் புதிது. அது ரசாயனத்துக்குப் போயிற்று.

1943-ம் ஆண்டு சென்னைப் பல்கலைக் கழகத்துக்கு அவர் ரூ.5 லட்சம் கொடுத்தார். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது நோக்கம். 1944-ல் கிண்டியில் அழகப்ப செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி பிறந்தது. ரசாயனப் பொறியியல், நெசவு, தோல் ஆகிய துறைகளை அங்கே கற்பித்தார்கள். ஒரு பவுன் தங்கம் 100 ரூபாய்க்கும் கீழே விற்ற காலம் அது. அந்தக் கணக்கில் 5 லட்சத்தின் கனத்தை வீட்டில் உள்ளவர்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

1947 ஜூலை மாதம் சென்னை அடையாற்றில் ஒரு கூட்டம். அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டம். பல்கலைக் கழகத் துணை வேந்தர் டாக்டர் ஏ.லட்சுமணசாமி முதலியார் பேசினார். சுதந்திரம் வரப்போகிறது, ஊர் ஊருக்குக் கல்லூரி வேண்டும், சர்க்காரால் மட்டும் முடியாது, செல்வர்கள் முன்வரவேண்டும் என்ற கருத்தில் அவர் பேச்சு அமைந்தது. இப்படிப்பட்ட பேச்சுக்குக் கை தட்டிவிட்டுக் கலைந்து போவதுதான் உலக வழக்கம். கூட்டத்தில் இருந்த அழகப்பர் எழுந்தார். காரைக்குடியில் ஒரு கல்லூரியைத் தாமே தொடங்குவதாக அங்கேயே அறிவித்தார்.

அறிவித்தது ஜூலையில். கல்லூரி திறந்தது ஆகஸ்டு 11-ந் தேதி. கட்டடம் கட்ட நேரம் ஏது? காந்தி மாளிகை என்ற இடத்தில் வகுப்பு தொடங்கிவிட்டது. அதற்கு நான்காம் நாள் நாடு சுதந்திரம் அடைந்தது.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்பயிற்சிக் கல்லூரி, குழந்தைகளுக்கு மாண்டிசோரி பள்ளி. ஆனால் இவை எல்லாவற்றிலும் பெரிய துணிச்சல் ஆராய்ச்சி நிலையம்தான். கல்லூரி வேண்டும் என்றால் பெற்றோருக்குப் புரியும். மின்வேதியியல் என்றால் யாருக்குப் புரியும்?

300 ஏக்கர், 15 லட்சம்

சுதந்திர இந்தியாவில் விஞ்ஞானக் கூடங்களை வரிசையாகக் கட்டவேண்டும் என்று பிரதமர் நேரு விரும்பினார். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் என்ற விஞ்ஞானி. இயற்பியலுக்கு டில்லி, ரசாயனத்துக்குப் புனா, தோலுக்குச் சென்னை என்று இடங்கள் அமைந்தன. மின்சாரமும் ரசாயனமும் சேரும் துறைக்கும் ஒரு கூடம் தேவைப்பட்டது. பேட்டரி, முலாம் பூசுதல், அலுமினியம் பிரித்தல், காஸ்டிக் சோடா, துரு தடுத்தல் எல்லாம் அந்தத் துறையைச் சேர்ந்தவை.

அதைக் காரைக்குடிக்குக் கொண்டுவர அழகப்பர் முனைந்தார். வெறுங்கையோடு கேட்கவில்லை. 300 ஏக்கர் நிலமும் ரூ.15 லட்சம் ரொக்கமும் தருவதாகச் சொன்னார்.

இவ்வளவு தூரத்தில் உள்ள சிற்றூருக்கு விஞ்ஞானிகள் வந்து குடியிருப்பார்களா என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தால் அவர்களைக் குறை கூற முடியாது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் நிலமும் பணமும் கையில் இருந்தன. கேட்டவரும் விடுகிற ஆள் இல்லை.

1948-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்தார். அடிக்கல் நாட்டினார். நாடு சுதந்திரம் அடைந்து அப்போது ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. பிரிவினையின் காயமும் ஆறவில்லை. காந்தி அடிகள் மறைந்து 6 மாதம்கூட முடியவில்லை. அந்த வேளையில் செம்மண் காட்டில் ஒரு விஞ்ஞானக் கூடத்துக்குக் கல் வைக்க நாட்டின் பிரதமர் இவ்வளவு தூரம் வந்தார் என்றால், அந்த வேலைக்கு அவர் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார் என்று தெரிகிறது.

கட்டடங்கள் எழும்பின. 1953-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, பொங்கல் வேளையில், துணை ஜனாதிபதி டாக்டர் ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்துவைத்தார்.

களிம்பு எப்படிப் பூக்கிறது?

அழகப்பர் கொடுத்த நிலத்தில் என்ன ஆராய்ந்தார்கள் என்று புரிந்துகொள்ள, ஓசூர் லாரியின் பேட்டரியையே எடுத்துக்கொள்ளலாம்.

1859-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் காஸ்டன் பிளாண்டே என்பவர் காரீயத் தகடுகளையும் கந்தகத் திராவகத்தையும் கொண்டு, திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றக்கூடிய பேட்டரியைச் செய்தார். லாரியிலும் பஸ்ஸிலும் இருக்கும் பேட்டரி அதன் வம்சம்தான். ஓசூரிலும் இந்த வகைப் பேட்டரிகள் தயாராகின்றன. உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2 வோல்ட். மொத்தம் 12 வோல்ட். பெரிய லாரிகளில் இப்படி இரண்டைக் கோத்து 24 வோல்ட் ஆக்குவார்கள்.

வண்டி ஓடும்போது பேட்டரியில் மின்சாரம் ஏறுகிறது. அளவுக்கு மேல் ஏறினால் உள்ளே உள்ள தண்ணீர் பிரிந்து வாயுவாகிறது. குமிழி குமிழியாக மேலே வருகிறது. குமிழி உடையும்போது திராவகத்தின் நுண்துளிகள் தெறிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத பனி போன்ற அந்தத் துளிகள் மூடியின் துவாரம் வழியாகவும், முனையைச் சுற்றியுள்ள மெல்லிய இடுக்கு வழியாகவும் வெளியே கசிகின்றன. டிஸ்டில்டு வாட்டரைத் தளும்பத் தளும்ப ஊற்றினாலும் இதே கதிதான்.

வெளியே வந்த திராவகம் சும்மா இருக்குமா? காரீய முனையைத் தின்கிறது. வெள்ளைப் பொடி உண்டாகிறது. வயரிலும் கிளாம்பிலும் உள்ள செம்பைத் தின்கிறது. நீலப் பச்சைப் பொடி உண்டாகிறது. அந்தப் பச்சை வேறொன்றும் இல்லை. தோட்டத்தில் பூஞ்சைக்கொல்லிக் கலவை செய்யக் குடியானவர்கள் பயன்படுத்தும் மயில்துத்தம்தான்!

இந்தப் பொடி மின்சாரத்துக்குச் சரியான பாதை தராது. விளக்கு எரிய மின்சாரம் கொஞ்சம் போதும். ஆகவே விளக்கு எரியும். இஞ்சினைச் சுழற்ற நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும். களிம்பினால் ஏற்படும் தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குதான் என்று வைத்துக்கொள்வோம். கார் ஒன்றில் 200 ஆம்பியர் ஓடினால் அந்தச் சின்ன இடத்திலேயே 2 வோல்ட் வீணாகிவிடும். 12-ல் 2 போனால் 10. அதோடு மார்கழிக் குளிரில் பேட்டரியின் சக்தியும் குறைந்திருக்கும். அப்புறம் முனகல்தான் மிச்சம்.

இதற்குப் பரிகாரம் நம் வீட்டுப் பெண்களுக்கு எப்போதோ தெரியும். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறி விஷமாகும். அதனால் உள்ளே ஈயம் பூசுவார்கள். பித்தளைக்கும் புளிக்கும் நடுவே ஒரு திரை. பேட்டரிக்கும் அதே யுக்திதான். செம்புக் கிளாம்பின் மேல் ஈயம் பூசுகிறார்கள். எஞ்சிய இடத்தில் வாசலின் தடவுகிறார்கள். பெட்ரோலியத்திலிருந்து இந்த வாசலினை எடுத்தவர் ராபர்ட் செஸ்பரோ என்ற அமெரிக்கர். 1872-ல் அதற்குப் பேட்டண்டு வாங்கினார். காயத்துக்குத் தடவ வந்த மருந்து, வண்டிக்கும் மருந்தாயிற்று.

ஆனால் களிம்பின் மேலேயே வாசலினை அப்பினால் பயன் இல்லை. புண்ணைக் கழுவாமல் கட்டுப்போடுவது போல அது. முதலில் இஞ்சினை நிறுத்தவேண்டும். பீடி, சிகரெட், நெருப்புக் கிட்டவே வரக்கூடாது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றி வெடிக்கும். பிறகு வண்டியின் பாடியோடு சேர்ந்திருக்கும் முனையை, அதாவது மைனஸ் முனையை, முதலில் கழற்றவேண்டும். பிளஸ் முனையை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்ட மாத்திரத்தில் தீப்பொறி பறக்கும். இந்த ஒரு விஷயத்தை மறந்து கை சுட்டுக்கொண்ட கிளீனர்கள் எத்தனையோ பேர்.

அப்புறம் தண்ணீரில் சமையல் சோடாவைக் கரைத்துத் தடவினால் நுரைத்துப் பொங்கும். திராவகம் சாகிறது என்று அர்த்தம். நுரை அடங்கியதும் துடைத்து, பிரஷ்ஷால் உலோகம் மின்னும் வரை தேய்க்கவேண்டும். சோடாத் தண்ணீர் பேட்டரித் துவாரத்துக்குள் ஒரு சொட்டும் போகக்கூடாது. போனால் உள்ளே இருக்கும் திராவகமும் செத்துவிடும். ஈரம் உலர்ந்தபின் பிளஸ்ஸை முதலிலும் மைனஸ்ஸைக் கடைசியிலும் மாட்டி, ஆடாமல் இறுக்கவேண்டும். இறுக்கிய பிறகே வெளியே மெல்லிசாக வாசலின். அந்த வெள்ளைப் பொடியில் காரீயம் இருக்கிறது. காரீயம் உடம்புக்கு ஆகாது. எனவே கையுறை நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் கை வைக்கக்கூடாது. குழந்தைகளை அண்டவிடக் கூடாது.

சோடாவும் வாசலினும் சேர்ந்து அரை மணி நேர வேலை. செலவு சொற்பம். இந்த அரை மணியைச் சோம்பியவர்கள் நல்ல பேட்டரியைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்ட கதைகளும் உண்டு.

உப்புக் காற்றில் ஒரு பரிசோதனை

பேட்டரி முனையில் நடப்பதுதான் பாலத்திலும், கப்பலிலும், காங்கிரீட்டுக்குள் புதைந்த கம்பியிலும் நடக்கிறது. அளவுதான் பெரிது. ஈரமும் உப்பும் உலோகமும் சேர்ந்தால் அங்கே ஒரு குட்டிப் பேட்டரி தானாகவே உண்டாகிவிடுகிறது. அந்தப் பேட்டரி விளக்கு எரிப்பதில்லை. தான் பிறந்த இரும்பையே தின்று தீர்க்கிறது. பேட்டரி ஆராய்ச்சியும் துரு ஆராய்ச்சியும் ஒரே கூரையின் கீழ் இருப்பது இதனால்தான்.

காரைக்குடி நிலையம் ராமேசுவரத்துக்கு எதிரே மண்டபத்தில் ஒரு துருப் பரிசோதனை நிலையத்தை வைத்தது. விதவிதமான உலோகத் துண்டுகளையும் பூச்சுகளையும் கடற்காற்றில் வைத்து, எது எத்தனை மாதத்தில் எவ்வளவு தேய்கிறது என்று எடை போட்டுப் பார்த்தார்கள். 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரெயில் பாலம் அங்கே பக்கத்தில்தான். உப்புக் காற்றோடு அது நூறு ஆண்டுக்கு மேல் மல்லுக்கட்டியது. 2022-ம் ஆண்டு டிசம்பரில் அதில் ரெயில் போவது நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது.

வீடு கட்டும் இரும்புக் கம்பிக்குத் துரு பிடிக்காமல் சிமெண்டுக் குழம்பு பூசும் முறையைக் காரைக்குடியில் கண்டுபிடித்தார்கள். காஸ்டிக் சோடா ஆலைகளில் சீக்கிரம் கரைந்துபோகும் பழைய மின்முனைகளுக்குப் பதிலாக டைட்டேனியம் மின்முனைகளை உருவாக்கினார்கள். கடல் நீர் பட்டவுடன் உயிர்பெறும் மெக்னீசியம் பேட்டரிகளிலும் வேலை செய்தார்கள். இப்போது லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியும் நடக்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தயாராகும் மின்சார ஸ்கூட்டர்களில் இருப்பது அந்த லித்தியம் வகைதான். அதில் கந்தகத் திராவகம் இல்லை. ஆகவே பச்சைப் பொடி பூக்காது. ஆனாலும் மழைத் தண்ணீரும் ஈரமும் இணைப்புகளுக்குள் புகுந்தால் அங்கேயும் அரிப்புதான். அதற்காகத்தான் ரப்பர் வளையம் வைத்து மூடுகிறார்கள்.

1988 முதல் அந்த வளாகத்தில் ரசாயன, மின்வேதியியல் பொறியியலில் பி.டெக். படிப்பும் நடக்கிறது.

கடைசி நாட்கள்

நிலையம் திறந்த பிறகு அழகப்பர் அதிக நாள் வாழவில்லை.

வியாபாரத்தில் சரிவுகள் வந்தன. உடம்பும் நோய்க்கு ஆளாயிற்று. பொருள் வருவது குறைந்தால் கொடுப்பதைக் குறைப்பது இயற்கை. அவர் குறைக்கவில்லை. பெண்களுக்குக் கல்லூரி வேண்டும் என்று வந்தபோது, தாம் குடியிருந்த மாளிகையையே அதற்குக் கொடுத்துவிட்டார். செட்டிநாட்டில் வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அல்ல. தலைமுறைகளின் கல்யாணமும் காரியமும் நடக்கும் இடம். குடும்பத்தின் பெயரே அதில்தான் நிற்கும். ரொக்கம் கொடுப்பதைவிட அதைக் கொடுப்பது பலமடங்கு கடினம். அவருடைய தர்மங்களில் இதையே முதலில் வைக்கவேண்டும் என்று நினைப்பவர்கள் காரைக்குடியில் உண்டு.

இந்த வேகத்தை வீட்டார் எப்படித் தாங்கினார்கள் என்பதும் யோசிக்கவேண்டிய விஷயம். அவருடைய ஒரே மகள் உமையாள். தகப்பனார் ஊருக்குக் கொடுத்ததெல்லாம் ஒரு கணக்கில் அந்த மகளுக்கு வரவேண்டிய சொத்து. பின்னாளில் அவர் தந்தை தொடங்கிய கல்விப் பணியிலேயே ஈடுபட்டார்.

1956-ல் இந்திய அரசு அழகப்பருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது. ஆங்கிலேயர் கொடுத்த பட்டத்தைத் துறந்தவர் இதை ஏற்றுக்கொண்டார்.

1957-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி அவர் காலமானார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும். காரைக்குடி நிலையத்துக்கு அப்போது வயது நான்கு.

1985-ல் தமிழ் நாட்டு அரசு காரைக்குடியில் அவர் பெயரால் அழகப்பா பல்கலைக் கழகத்தை அமைத்தது. நேரு கல் நாட்டிய அந்த 300 ஏக்கர் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது.